கலமும் குலமும்

ஜேர்மன் மொழியிலே 'ஷ்டாம்' என்றொரு சொல் இருக்கிறது. மரத்தின் அடிமரத்தைக் குறிப்பதும் அதுவே. ஒரு குலத்தை, கோத்திரத்தைக் குறிப்பதும் அதுவே. ஜேனா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் அந்தச் சொல்லோடு கலம் என்ற பொருள்படும் சொல்லை ஒட்டி 'ஷ்டாம்ஸெல்' என்றொரு பதத்தை ஆக்கினார். உயிர்கள் அனைத்துக்கும் மூதாதை என்று தாம் கருதிய ஒற்றைக்கல உயிரியையே முதலில் அப்படி அழைத்தார். 1877இல், தாயின் சூலும் தந்தையின் விந்தும் கூடி உண்டாகும் முதற் கலத்துக்கும் அப்பெயரையே சூட்டினார். இன்று மருத்துவ உலகம் ஓயாது பேசும் 'ஸ்டெம் செல்' அந்தச் சொல்லின் ஆங்கில வாரிசுதான். தமிழகத்தார் இதனைக் குருத்தணு என்பர். எங்கள் பாடநூற் தமிழிலே செல் என்பது கலம், வளரத் தொடங்கிய கரு என்பது முளையம். ஆகவே இக்கட்டுரையில் மூலக்கலம் என்றே எழுதிச் செல்கிறேன்.

முளையக் கலங்களின் விஞ்ஞானம் என்றதும் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த கதை என்றே நம்மவர் எண்ணிக்கொள்வர். அந்தக் கதையின் ஓர் அத்தியாயம் இந்தத் தீவின் மண்ணிலும் கடலிலும் எழுதப்பட்டது. மூதூரிலே பிறந்து, கொட்டியாரக் குடாவின் தென்புறத்துப் பள்ளிக்கூடங்களில் பல வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற வகையில், அந்த அத்தியாயத்தை ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து வாசிக்க வேண்டிய கடமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன். ஏனெனில் கலத்தைப் பார்க்க வந்தவர்கள் குலத்தையும் பார்த்தார்கள். கலத்தைப் பற்றி அவர்கள் கண்டவற்றுட் பல இன்றும் நிற்கின்றன. குலத்தைப் பற்றி அவர்கள் எழுதியவை ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் சுமையாக இறங்கின.

ஹெக்கல் 1881 நவம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். நுணுக்குக்காட்டி, கண்ணாடிச் சாடிகள், மதுசாரம் என்று பெட்டி பெட்டியாகக் கருவிகள் அவருடன் வந்தன. முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் வெலிகமவின் வாடிவீட்டிலே டிசம்பரில் ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ ஆறு வாரங்கள் கடலுயிர்களை அள்ளி ஆராய்ந்தார். 1882இல் ஊர் திரும்பிய பின்னர் அவர் வெளியிட்ட பயணக் கடிதங்கள் இலங்கையின் அழகை ஐரோப்பிய வாசகருக்குக் கொண்டு சென்றன.

அவர் தலைக்குள்ளே ஒரு சித்தாந்தமும் இருந்தது. ஒவ்வோர் உயிரும் முளையமாக இருக்கும்போது தன் முன்னோர் கடந்து வந்த படிகளை ஒவ்வொன்றாக மீண்டும் ஏறி வருகிறது என்பதே அது. மனித முளையத்தின் கழுத்துப் பக்கத்தில் மீனின் பூப்பிளவுகளை ஒத்த மடிப்புகள் தோன்றுவதையும், வால் போன்ற நுனி தோன்றி மறைவதையும் அவர் சான்றாகக் காட்டினார். முளையவியலின் தந்தையருள் ஒருவரான கார்ல் ஏர்ன்ஸ்ட் ஃபொன் பேயர் 1828இலேயே இதற்கு மாறான முடிவைச் சொல்லியிருந்தார்: முளையங்கள் தம் ஆரம்ப நிலையில் ஒன்றையொன்று ஒத்திருக்கும், பின்னர் பிரிந்து செல்லும், ஆனால் எந்த முளையமும் வளர்ந்த இன்னொரு பிராணியாக ஒருபோதும் இருப்பதில்லை. ஹெக்கலின் 1868ஆம் ஆண்டு நூலில் நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் முளையங்களுக்கும் ஒரே மர அச்சுப் படத்தை மும்முறை பதித்திருந்ததைப் பாசெல் நகரப் பேராசிரியர் லூட்விக் ரூட்டிமேயர் வெளிப்படுத்தினார். அந்தப் படம் பின்வந்த பதிப்பில் திருத்தப்பட்டது. ஏணி என்ற எண்ணமோ தங்கிவிட்டது.

அந்த ஏணி முளையத்தோடு நின்றிருந்தால் நமக்குக் கவலையில்லை. ஹெக்கல் மனித குலங்களையும் அதே ஏணியில் நிறுத்தினார். உச்சிப்படியில் ஐரோப்பியர். கீழ்ப்படிகளில் கறுத்தவர்கள், காடுறை மக்கள். வளர்ச்சி முற்றுப்பெறாத முளையம் போல, வளர்ச்சி முற்றுப்பெறாத மனிதர்கள் என்ற கருத்து அக்காலத்துப் படித்தவர் மத்தியில் பரவியது. குழந்தையையும் 'காட்டுமிராண்டி'யையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதுவது அன்று விஞ்ஞானமாகவே கருதப்பட்டது.

இந்தச் சூழலிலேதான் 1883இல் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்து பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் இருவர் இலங்கைக்கு வந்தார்கள். இருவரும் பெரும் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், உறவினர்கள், இளைஞர்கள். 1886 வரை இங்கு தங்கினார்கள். பேராதனையைத் தளமாகக் கொண்டு அவர்கள் தேடியது 'இக்தியோபிஸ்' என்ற ஒரு விசித்திரப் பிராணியின் முட்டைகளை. தவளையின் தூரத்து உறவு அது. காலில்லை, பார்த்தால் பெரிய மண்புழு. நீருக்கு அண்மையில் ஈரமண்ணில் வளை தோண்டி முட்டையிட்டு, தாய் தன் உடலை முட்டைகளைச் சுற்றி வளையமாக்கிப் படுத்திருக்கும். முட்டைக்குள் இருக்கும் முளையத்துக்கு இறகு போன்ற மூன்று சோடிப் பூக்கள் வெளியே நீண்டிருக்கும். மண்ணுக்குள் வாழப்போகும் பிராணி, முட்டைக்குள் நீர்வாழியின் அணிகலன்களைச் சூடிக்கொண்டு வளர்கிறது. சரசின்மார் வரைந்த அந்த முளையப் படங்களை விலங்கியலாளர் இன்றும் மதிக்கின்றனர்.

திருகோணமலைக்கும் அவர்கள் வந்தார்கள். உடலெல்லாம் முள்ளாய் உருண்டை வடிவில் கிடக்கும் கடல் முள்ளிகளை நமது துறைமுகக் கடலிலே எடுத்து ஆராய்ந்தார்கள். தொட்டவர் கையைச் சுட்டெரிக்கும் நச்சு முட்களையுடைய ஒன்றுக்கு 'அஸ்தெனோசோமா யூரன்ஸ்' என்று பெயரிட்டார்கள். 'யூரன்ஸ்' என்றால் எரிப்பது என்று பொருள். லிங்கியா என்னும் நட்சத்திர மீனின் ஒற்றைக் கையிலிருந்து முழு உடலும் மீண்டும் முளைத்து வருவதையும் அவர்கள் எழுதினார்கள். துண்டான ஒரு பகுதிக்குள் முழுமைக்கான ஆற்றல் மறைந்திருக்கிறது என்பதை நம் கடலே அவர்களுக்குக் காட்டியது எனலாம்.

இவ்வளவும் ஒரு பக்கம். அவர்களுடைய இலங்கை ஆய்வு நூல்களின் மூன்றாம் தொகுதி 1892, 1893ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் பொருள் முட்டையுமல்ல, முள்ளியுமல்ல. வேடர்கள். மண்டையோட்டின் கொள்ளளவு, எலும்பின் நீளம், தோலின் நிறம் என்று அளவுகள் பக்கம் பக்கமாக நிறைந்தன. மனித குலத்தின் மிக ஆதியான வடிவங்களுள் ஒன்று, வாலில்லாக் குரங்குக்கு ஏனையோரைவிட நெருக்கமானது என்ற இடத்திலே வேடர்கள் வைக்கப்பட்டார்கள். வேடர்களின் மண்டையோடுகளும் எலும்புகளும் சேகரிக்கப்பட்டுப் பாசெலுக்குச் சென்றன. முளையத்துக்காகக் கட்டப்பட்ட ஏணியின் அடிப்படியில் மூச்சுவிடும் மனிதரை நிறுத்தியாயிற்று.

ஈச்சிலம்பற்று மூதூருக்குத் தெற்கே, கடலுக்கும் வெருகல் ஆற்றுக்கும் அணித்தாக, வெருகல் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அமைந்த ஊர். மகாவலி தன் கிளையொன்றை வெருகலாக இந்தப் பக்கமே கடலுக்கு அனுப்புகிறது. ஆற்றுக்கு இருபுறத்திலும், தெற்கே வாகரை வரையிலும் கரையோர வேடர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். காட்டிலே தேன் எடுப்பார்கள், களப்பிலும் கடலிலும் மீன் பிடிப்பார்கள், சேனை செய்வார்கள். 1911இல் வேடர் பற்றிப் பெருநூல் எழுதிய செலிக்மன் தம்பதியர் இவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கினர். தமிழரோடு கலந்துவிட்டவர்கள் என்பதனால், 'தூய' வேடரைத் தேடிவந்த ஆய்வாளர்களுக்கு இவர்கள் மேல் ஆர்வம் குறைவாகவே இருந்தது. கலக்காமல் இருந்தால் குரங்குக்கு அண்மை. கலந்துவிட்டால் கணக்கிலேயே இல்லை! இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மக்கள் கூட்டம் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வது எங்ஙனம்?

இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தர வகுப்புக்கு முளைய விருத்தியைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது இந்த வரலாற்றை இடையிலே சொன்னேன். பாடநூலில் இல்லாத கதை என்பதால் பிள்ளைகள் உற்சாகமாகக் கேட்டார்கள். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன், தன்னை வேடர் பரம்பரை என்று அதுவரை வகுப்பில் சொல்லிக்கொள்ளாதவன், எழுந்து நின்று கேட்டான்: "சேர், அந்த எலும்புகள அவங்க கேட்டா எடுத்தாங்க?"

இந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. முளைய ஆராய்ச்சியின் இன்றைய அறநெறி முழுவதும் இதே கேள்வியின் மேல்தான் நிற்கிறது என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அதை இங்கு சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

வேடர் பற்றிய அந்தத் தொகுதி அச்சேறிய அதே காலத்தில் ஏணியின் கால்கள் கடல் முள்ளியின் முளையத்தாலேயே ஆட்டங் கண்டன என்பது கவனிக்கத்தக்கது. வில்ஹெல்ம் ரூ என்பவர் 1888இல், இரு கலங்களாகப் பிரிந்த தவளை முளையத்தில் ஒரு கலத்தைச் சூடேற்றிய ஊசியால் கொன்றார். மற்றக் கலம் அரை முளையமாகவே வளர்ந்தது. ஆகவே ஒவ்வொரு கலத்தின் தலைவிதியும் முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது என்றார். ஹெக்கலின் மாணவரான ஹான்ஸ் டிரீஷ் 1891இல் கடல் முள்ளியின் இரு கல முளையத்தை எடுத்துக் குலுக்கி, இரண்டு கலங்களையும் பிரித்துவிட்டார். அரைக் குடம்பிகள் வரும் என்பது எதிர்பார்ப்பு. வந்தவையோ அளவிற் சிறிய இரண்டு முழுக் குடம்பிகள்! மூலக்கலம் ஒவ்வொன்றிலும் முழுமைக்கான ஆற்றல் இருக்கிறது. எது எதுவாக ஆகும் என்பதை அதன் இடமும் அயலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்ற பாதை அங்கிருந்து திறந்தது. 1924இல் ஹில்டே மங்கோல்டும் அவரது ஆசிரியர் ஹான்ஸ் ஸ்பேமனும் நீர்வாழ் முளையமொன்றின் சிறு இழையத்தை இன்னொன்றில் ஒட்டி, ஒரே முளையத்தில் இரண்டாவது உடலொன்று உருவாவதைக் காட்டியபோது, அயற் கலங்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பது உறுதியாயிற்று.

கருக்கட்டி ஐந்தாறு நாட்களில் மனித முளையம் நீர் நிறைந்த ஒரு சிறு பந்து போலிருக்கும். எங்கள் பாடநூல் அதனை அரும்பர்ச் சிறைப்பை என்கிறது. வெளிச்சுவர்க் கலங்கள் சூல்வித்தகமாக ஆகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கலக்கூட்டத்திலிருந்தே உடல் முழுதும் உருவாகும். அந்தக் கலங்களுக்கு இன்னும் பெயரில்லை. ஈரல் என்றோ, இதயம் என்றோ, நரம்பு என்றோ அவை இன்னும் பிரியவில்லை. 1981இல் எலியின் முளையத்திலிருந்தும், 1998இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சனின் குழுவால் மனித முளையத்திலிருந்தும் அக்கலங்கள் பிரித்தெடுக்கப்பட்டுத் தட்டுகளில் வளர்க்கப்பட்டன. பழுதடைந்த உறுப்புக்குப் புதுக் கலங்களை வளர்த்துக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. அவற்றைப் பிரித்தெடுக்கும்போது முளையம் அழிகிறது என்பதனால் வாதமும் உடன் பிறந்தது.

அந்த வாதம் நமது உலமாக்களுக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டிலேயே குர்துபாவின் அரீப் இப்னு ஸஃது சிசுவின் உருவாக்கம் பற்றித் தனிநூல் செய்திருந்தார். ஆணின் நீர் மாதவிடாய் இரத்தத்தை உறையச் செய்வதன்றி வேறொன்றும் செய்வதில்லை என்று அக்காலத்து உடற்கூற்றாளர் சிலர் கூறியதை, ஹதீஸ்களை ஆதாரமாகக் கொண்டு இப்னு ஹஜர் அஸ்கலானீ மறுத்தெழுதினார். ரூஹு ஊதப்படுவது 120ஆம் நாளிலா, ஏறத்தாழ 40ஆம் நாளிலா என்பதில் இப்னு மஸ்ஊத், ஹுதைபா இப்னு அஸீத் ஆகியோரின் அறிவிப்புகளை வைத்து நீண்ட கருத்தாடல் நடந்தது. அந்தக் கருத்தாடலே பிற்காலத்தில் கைகொடுத்தது. மக்காவில் உலக முஸ்லிம் லீகின் பிக்ஹு சபை 2003 டிசம்பரில் கூடி, தொப்புள்கொடி இரத்தம், சூல்வித்தகம், தானாகக் கலைந்த கரு ஆகியவற்றிலிருந்தும், குழாய்க் குழந்தைச் சிகிச்சையில் எஞ்சிய முளையங்களைப் பெற்றோர் மனமுவந்து கொடுக்கும்போது அவற்றிலிருந்தும் மூலக்கலம் எடுக்க அனுமதித்தது. ஆராய்ச்சிக்காகவே வேண்டுமென்று கருவைக் கலைப்பதை அது தடுத்தது. ஈரானின் ரோயான் நிறுவனம் மனித முளைய மூலக்கல வரிசையொன்றை உருவாக்கியதும் அதே 2003ஆம் ஆண்டில்தான்.

இவ்விடத்திலே ஒரு சொல் முக்கியமானது: மனமுவந்து. கண்ணுக்குத் தெரியாத நூறு கலங்களுக்கும் உரியவர் உண்டு, அவரைக் கேட்க வேண்டும் என்பது பிக்ஹு சபையின் நிபந்தனை. மேற்குலகச் சட்டங்களும் அதையே கேட்கின்றன. 2001 ஓகஸ்டில் அமெரிக்க அரசு தன் நிதியுதவிக்குத் தகுதியானவை என்று ஏற்ற மூலக்கல வரிசைகளில் மும்பாயின் ரிலையன்ஸ் நிறுவனத்துடையவை ஏழும், பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்துடையவை மூன்றும் இருந்தன. பெற்றோரின் சம்மதத்தோடு கொடுக்கப்பட்ட எஞ்சிய முளையங்களாக இருக்க வேண்டும் என்பது அங்கும் நிபந்தனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் வெளியிட்டு வந்த நெறிமுறைகளிலும் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஐந்து நாள் முளையத்தின் பெற்றோரிடம் கேட்க வேண்டும் என்று உலகம் இன்று உடன்பட்டிருக்கும்போது, புதைகுழியில் கிடந்த ஒருவரின் பிள்ளைகளிடம் கேட்கத் தேவையில்லை என்று அன்று நினைத்தது எப்படி என்பதே அந்த மாணவனின் கேள்வி.

ஏணியைப் பற்றி ஒன்று சொல்ல எஞ்சியிருக்கிறது. 1962இல் ஜோன் கேர்டன் தவளையின் வாற்பேய்க் குடற்கலத்தின் கருவை எடுத்து, கருநீக்கிய முட்டையொன்றில் வைத்து, அதிலிருந்து மீண்டும் ஓர் உயிரை வளர்த்தெடுத்தார். 2006இல் கியோத்தோவின் ஷின்யா யமனாக்கா எலியின் தோற் கலங்களுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அவற்றை முளைய மூலக்கலத்தின் நிலைக்குத் திருப்பினார். 2007இல் மனிதக் கலத்திலும் அது கைகூடியது. இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது முளையத்தை அழிக்காமலே பல ஆய்வுகள் நடக்கின்றன. முற்றி முதிர்ந்த கலத்துக்குள்ளும் அந்த முதற் கலத்தின் முழு ஏடும் அழியாமல் இருக்கிறது என்பது இதன் பொருள். அங்கே மேற்படி என்றும் கீழ்ப்படி என்றும் எதுவுமில்லை. ஹெக்கல் கண்ட மூலக்கலம் ஹெக்கலின் ஏணியைச் சாய்த்துவிட்டது.

2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் போருக்கு அஞ்சி ஊரைவிட்டு நடந்தோம். கந்தளாயில் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள், அட்டை கொடுத்தார்கள், பட்டியலிட்டார்கள். அந்த மாதங்களில் ஈச்சிலம்பற்று மக்களும் வேரோடு பெயர்ந்து வாகரைப் பக்கமும் அதற்கப்பாலும் அலைந்தார்கள். எண்ணியவர்கள் உதவி செய்ய வந்தவர்கள்தான். இருந்தும், தன்னைத் தானே சொல்ல முன்னர் பிறரால் சொல்லப்பட்டுவிடுவது என்ன என்பதை நாங்கள் அந்த வரிசையில் நின்று அறிந்தோம். கரையோர வேடர்கள் அந்த வரிசையில் நூறாண்டுக்கும் மேலாக நின்றவர்கள்.

2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை, அங்கு சென்ற வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் கையளித்தது. நூற்றாண்டுக்கும் மேலாக அலுமாரியில் இருந்தவை அவை. கேட்காமல் எடுக்கப்பட்டதைக் கேட்டுத் திருப்பிப் பெறலாம் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம்.

ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் படைத்து, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியதாக நமது வேதம் சொல்வதை நாம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கலத்திலிருந்து குலத்துக்கு வரும் வழி அதுதான். அறிந்துகொள்வதற்கு முதலில் அயலவரிடம் போய்க் கேட்க வேண்டும். வெருகல் வேடர்களிடம் நாம் தேன் வாங்கியிருக்கிறோம், மீன் வாங்கியிருக்கிறோம். கொட்டியாரத்து முஸ்லிம் எழுத்தாளர்கள் இத்தனை கதைகளும் கவிதைகளும் எழுதியும், அவர்களின் பாட்டன்மார் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிந்த பக்கங்கள் நம்மிடம் மிகச் சொற்பம். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. வெருகல் ஆற்றைக் கடக்க இப்போது பாலமும் இருக்கிறது. போய், முதலில் அனுமதி கேட்டு, பிறகு எழுதத் தொடங்குவோம்.